காலண்டர் படம் என்று ஒதுக்கப்பட்ட ஓவியர்

தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றை யார் சொன்னாலும் வழி ஒன்றுதான். சித்தன்னவாசலில் தொடங்கி, தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள், நாயக்கர் காலச் சுவர்கள், தஞ்சாவூர்ப் படங்கள் என்று வந்து, அங்கிருந்து ஒரே தாவலாக 1929-ஆம் ஆண்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஆண்டில் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமம் என்று நவீன காலம் சொல்லி முடிக்கப்படும். அந்தத் தாவலில் விடுபட்டுப்போனவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். ஓவியக் கண்காட்சி என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளிலும் அவருடைய படமோ, அவர் மாணவர் ஒருவரின் படமோ, அவர்களைப் பார்த்து வேறொருவர் வரைந்ததோ சுவரில் தொங்கியிருக்கும். ஆனால் வரலாற்றில் அவருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம்.

இந்த விடுபடல் மறதியால் நேர்ந்ததன்று. அதன் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ‘காலண்டர் படம்’ என்ற இரண்டே சொற்களில் அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து குற்றச்சாட்டுகள் தெரியும். இவை ரவிவர்மாவின் நகல்கள். கடைக்காரர் விளம்பரத்துக்காகச் செய்த வியாபாரச் சரக்கு. பலர் சேர்ந்து செய்த பட்டறை வேலை, ஒருவருடைய முத்திரை என்று எதுவும் இல்லை. கிராம தெய்வங்களைப் பின்னுக்குத் தள்ளிப் புராணக் கடவுள்களை வீட்டுக்குள் கொண்டுவந்து திணித்தவை. கடைசியாக, அடிக்குரலில் சொல்லப்படுவது: வரைந்தவர் தெலுங்கு பேசும் ராஜு குடும்பத்தவர், ஆகவே இதைத் தமிழ்க் கலை என்று எப்படிச் சொல்வது? இவற்றில் நான்காவதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்ற நான்கும் நிற்காது.

முதலில் அந்த மனிதரின் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விஜயநகர, நாயக்கர் ஆட்சிகளோடு தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த குடிகளில் ராஜுக்களும் உண்டு. தஞ்சாவூர்ப் படம் எழுதியவர்களில் ராஜு குடும்பங்களுக்குப் பெரிய இடம் உண்டு என்பது கலை வரலாறு அறிந்த செய்தி. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, மயிலாப்பூரில் பிறந்த கொண்டையராஜு. அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில், அது ஆங்கிலேயர் தலைமையில் இருந்த காலத்தில் படித்தார். ஐரோப்பிய முறையில் உருவம் வரைவது, நிழல் வெளிச்சம், தூரம் பக்கம் எல்லாம் அங்கே கைவந்தன. பிறகு திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். அங்கிருந்து நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதும் ஓவியராக ஊர் ஊராகப் போனார். 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம், மு. சீனிவாசன் என்று நீளும் அந்த வரிசையும் குருவுமாகச் சேர்ந்து, பக்கத்திலிருக்கும் சிவகாசி அச்சகங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தார்கள்.

இனி, நகல் என்ற குற்றச்சாட்டு. ரவிவர்மாவின் லட்சுமியையும் கோவில்பட்டி லட்சுமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ரவிவர்மாவின் ஓவியத்தில் ஒரு பெண் ஒரு நிலக்காட்சியில் நிற்கிறாள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் விழுகிறது, துணியின் கனம் தெரிகிறது. சகுந்தலையையும் தமயந்தியையும் வரைந்த அதே கை, கதையின் ஒரு நொடியைப் பிடித்து நிறுத்துகிற கை. நாம் வெளியிலிருந்து அந்த நொடியைப் பார்க்கிறோம். கொண்டையராஜுவின் தெய்வம் அப்படி இல்லை. அது நம்மை நேரே பார்க்கிறது. கருவறைக்கு எதிரே நின்றால் எப்படித் தெரியுமோ அப்படி: முகம் பெரிதாக, கண் விரிந்து, அலங்காரம் முழுவதும் தெளிவாக, வெளிச்சம் எங்கும் ஒரே சீராக. மாலையும் கிரீடமும் பதக்கமும் உற்சவ மூர்த்திக்குச் சாத்தியவை போலவே இருக்கும். சென்னையில் கற்ற நிழலும் வெளிச்சமும் கன்னத்தின் உருட்சியில், கையின் மென்மையில் மட்டும் வேலை செய்யும். மற்ற இடத்திலெல்லாம் தஞ்சாவூர்ப் படத்தின் ஒழுங்குதான் ஆளுகிறது.

பின்னணியைப் பாருங்கள். தூணும் திரையும் வைத்த தர்பார், தடாகம் உள்ள நந்தவனம், பனிமலைக் கைலாசம். இவை நாடக மேடையின் படுதாக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு சபை தொடங்கிய காலத்திலிருந்து, பாய்ஸ் கம்பெனிகள் ஊர்தோறும் இத்தகைய படுதாக்களைச் சுருட்டி மாட்டுவண்டியிலும் ரயிலிலும் கொண்டுபோயின. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் காட்சி ஜோடனையைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. கேஸ்லைட் வெளிச்சத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அது அரண்மனை என்று தெரிய வேண்டும். அந்தக் கட்டாயத்தில் பழகிய கைதான் காலண்டருக்கு வந்தது. காலண்டர் எங்கே தொங்கும் என்பது அந்தக் கைக்குத் தெரியும்: ஜன்னல் சிறுத்த வீட்டில், காமாட்சி விளக்கின் ஒளியில், எட்டிப் பிடிக்க முடியாத உயரத்தில். அங்கிருந்து படிக்கக்கூடிய படமாக அது இருக்க வேண்டும். எடுப்பான கோடும் பெரிய முகமும் தெளிவான வண்ணமும் ரசனைக் குறைவிலிருந்து பிறந்தவை அல்ல. பார்ப்பவர் எங்கே, எந்த வெளிச்சத்தில் நிற்கிறார் என்று கணக்குப் போட்டதிலிருந்து பிறந்தவை.

நகல் என்பவர்கள் ரவிவர்மா எங்கிருந்து கற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு, சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரம் அரசவையில் இருந்தார். அவரிடம் கற்றவர் ராஜராஜ வர்மா. அந்த ராஜராஜ வர்மாதான் தம் மருமகன் ரவிவர்மாவுக்கு முதல் ஆசிரியர். அரசவையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த ராமசாமி நாயுடு இளைஞன் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்த கதையும் நன்கு அறிந்ததே. மதுரைப் பக்கத்து ஓவியர் கையிலிருந்து திருவனந்தபுரம் போன ஒன்று, 1894-ல் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் வழியே நாடெங்கும் பரவி, மறுபடி தென்பாண்டி நாட்டுக்கு வந்தது. கோவில்பட்டி அதைத் தன் வழியில் மாற்றி எடுத்துக்கொண்டது. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் மூலம் என்றும் மறுபக்கத்தை நகல் என்றும் எழுதுவது நியாயமில்லை.

‘மீனாட்சி கல்யாணம்’ என்ற அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்று போதும். அது வடக்கிலிருந்து அச்சாகி வந்த புராணக் காட்சி அன்று. நடுவில் பச்சை மேனியாக மீனாட்சி, கைப்பிடிக்கும் சுந்தரேசுவரர், தாரை வார்க்கும் அண்ணன் திருமால்: மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பி கல்லில் நிறுத்திய மூவர். சித்திரைத் திருவிழாவில் மதுரை ஆண்டுதோறும் நடத்துகிற கல்யாணம். கல்லில் இருந்ததை வண்ணத்துக்குக் கொண்டுவந்து, அந்த ஊருக்குப் போக வழியில்லாதவர் வீட்டுச் சுவரில் சேர்த்தது கோவில்பட்டி.

வியாபாரச் சரக்கு என்ற வசைக்கு வருவோம். சரக்குதான்; யாரும் மறைக்கவில்லை. படத்துக்குக் கீழே கடையின் பெயர் இருக்கும். இன்றும் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. ஏஜெண்டுகள் அதை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிக்கிறார்கள். ஆனால் சரக்காகப் பிறந்தது கலையாகாது என்ற விதியை உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் கடைப்பிடிக்கவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பேரலை’ 1831 வாக்கில் மரக்கட்டையில் செதுக்கிப் பலவாக அச்சடித்து மலிவு விலைக்கு விற்கப்பட்டது. கல்கத்தாவின் காளிகாட் கோயில் வாசலில் யாத்ரீகர்களுக்குச் சில காசுக்கு விற்ற பட்டுவா ஓவியர்களின் படங்கள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயிலில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டில் இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரை வந்துவிடும். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் அது. சோழமண்டலக் கரையின் நெசவுத் துணியும், கையால் வண்ணம் எழுதிய துணியும் அவர்களுடைய முக்கியக் கொள்முதல். கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க அந்தத் துணிதான் பணமாகப் பயன்பட்டது. பிறகு ஐரோப்பிய வீடுகளில் படுக்கை விரிப்பும் திரையும் ஆயிற்று. எழுதியவர்கள் வியாபாரி கேட்ட பூவை, கேட்ட அளவில் எழுதினார்கள். கையெழுத்துப் போடவில்லை. இன்று அதே துணிகள் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றைக் கலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கொள்முதல் சரக்கைக் கலை என்று கொண்டாடிவிட்டு, ஐம்பது ஆண்டுக்கு முந்தையதைச் சரக்கு என்று தள்ளுவதற்குக் காரணம் ஒன்றுதான்: அது இன்னும் ஏழைகள் வீட்டில் தொங்குகிறது.

அந்த ஏரிக்கரை மீனவர் வீடுகளில் நடப்பதைக் கவனித்தாலே சரக்கு வாதம் முடிந்துபோகும். மளிகைக்கடையோ நகைக்கடையோ தைப்பொங்கலுக்கு முன் கொடுத்த காலண்டர் டிசம்பரோடு செல்லாததாகிவிடும். தேதித்தாள் தீர்ந்துபோகும். படத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். கடைப் பெயரை வெட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி அலமாரியில் வைப்பார்கள். குங்குமம் வைப்பார்கள், பூ வைப்பார்கள். வண்ணம் முற்றிலும் மங்கிய பிறகும் குப்பையில் போட மனம் வராமல் கோயில் மரத்தடியில் சாய்த்து வைப்பார்கள். விளம்பரத்தை நீக்கி ஓவியத்தை வைத்துக்கொள்ளும் இந்தக் கத்தரிக்கோலில் இருக்கிற தேர்வை, விமர்சகர்கள் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் படங்கள் அச்சான ஊர் எது, அச்சடித்தவர்கள் யார் என்பது. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக ராமநாதபுரம் அரசர் தரப்பு வழக்குப் போட்டது. 1899-ல் சிவகாசி கலவரத்தில் எரிந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. அவர்களுக்குக் கோயிலுக்குள் போகும் உரிமை இல்லை என்று பேரரசின் உச்ச மன்றம் எழுதி வைத்தது. அதே சமூகத்தைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கோவில்பட்டியின் மீனாட்சி சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டாள்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த மலிவுக் காகிதம் என்ன செய்தது என்று விளங்கும். நூற்றாண்டுகளாகக் கொடிமரத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள், முழு அலங்காரத்தில் தெய்வத்தை முகத்துக்கு முகம் பார்த்தார்கள். இடையில் பூசாரி இல்லை, தீட்டு இல்லை, தட்சிணை இல்லை. கருவறைக்கு நேரே நின்று பார்க்கும் கோணத்தையே கொண்டையராஜு திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதன் பொருள் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. கலைக்கூடச் சுவரில் மாட்டிய எந்தத் தமிழ்நாட்டு ஓவியமும் இத்தனை வீடுகளில் இந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

பட்டறை வேலை என்பது மூன்றாவது குறை. அச்சான படங்களில் கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக வருவதுண்டு. குரு மாணவனின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத இடம் கொடுத்தார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் ஐரோப்பிய ஓவியர் ரூபன்ஸின் பட்டறையை மறந்துவிடுகிறார்கள். அங்கே உடலையும் துணியையும் மாணவர்கள் எழுத, கையெழுத்துக்குரிய பெருமை ஒருவருக்கே போனது. சோழர் செப்புத் திருமேனிகளில் எதற்கு ஸ்தபதியின் பெயர் தெரியும்? ஒரே ஆள், ஒரே தூரிகை, ஒரே மேதை என்பது ஓவியத்தின் இயல்பான நிலையே அன்று. ஐரோப்பாவில் ஒரு காலகட்டத்தில் வலுப்பெற்ற எண்ணம். அதைக் கொண்டு கோவில்பட்டியை அளப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. மேலும், முத்திரை இல்லை என்பதும் பொய். பழைய காலண்டர்களைப் பார்த்துப் பழகிய சிவகாசி அச்சுக்காரர்கள் கண்ணையும் விரலையும் வைத்தே யார் கை என்று சொல்வார்கள். இந்தியாவெங்கும் அச்சான சாமிப் படங்களுக்கு நடுவில் கோவில்பட்டிப் பாணி தனியாகத் தெரியும் என்பதால்தான் ஸ்டீஃபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் இங்கே வந்து, கொண்டையராஜுவைப் பற்றி எழுதினார். கிறிஸ்டோபர் பின்னி 2004-லும் கஜ்ரி ஜெயின் 2007-லும் அச்சுச் சாமிப் படங்களைப் பற்றிப் பெரிய நூல்களே எழுதிவிட்டார்கள்.

நான்காவது குற்றச்சாட்டில் பாதி உண்மை என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். சுடலைமாடனும் ஐயனாரும் முனியும் காலண்டருக்கு அதிகம் வரவில்லை. லட்சுமியும் சரஸ்வதியும் பிள்ளையாரும் முருகனும்தான் வந்தார்கள். எல்லா ஊர்க் கடைக்கும் ஒரே படம் விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு அதைத் தீர்மானித்தது; ஓவியர்களும் அதற்கு உட்பட்டார்கள். இது இழப்புதான். ஆனால் காலண்டர் வந்து கிராம தெய்வத்தை விரட்டிவிட்டது என்பதற்கு ஏரிக்கரைக் குப்பங்களே எதிர்ச் சாட்சி. வீட்டுக்குள் சுவரில் லட்சுமி இருக்க, ஆடி மாதம் பிறந்தால் ஊரே அம்மனுக்குக் கூழ் வார்க்கிறது, கரகம் எடுக்கிறது, வேப்பிலை கட்டுகிறது. உருவமே இல்லாத கல்லும், ஒவ்வொரு மணியும் எழுதிய காலண்டர் அலங்காரமும் ஒரே குடும்பத்தின் வழிபாட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன. மக்களின் மனம் விமர்சகர்கள் நினைப்பதைவிட அகலமானது.

கடைசியாக, அடிக்குரலில் சொல்லப்படும் ஐந்தாவது. தெலுங்கு வீட்டில் பிறந்தவர் வரைந்தது எப்படித் தமிழ்க் கலை? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைக்கட்டும். சென்னை ஓவிய இயக்கத்துக்கு அடித்தளமிட்ட ராய் சௌத்ரி வங்காளத்திலிருந்து வந்தவர். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. இருவரையும் தமிழ்நாட்டுக் கலை வரலாற்றிலிருந்து யாரும் நீக்கச் சொல்வதில்லை, நீக்கவும் கூடாது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் வீட்டு மொழி தெலுங்கு. கரிசல் காட்டுத் தமிழுக்கு அகராதி தொகுத்தவர் அவர். வந்த குடிகள் இந்த மண்ணில் வெறுமனே தங்கிப்போகவில்லை. மண்ணின் பேச்சையும் தெய்வத்தையும் திருவிழாவையும் ஊன்றிக் கவனித்து, மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ராஜு வீட்டுப் பிள்ளை மதுரை மீனாட்சியை எழுதியதும் அந்த வகை. அவர் எழுதிய மீனாட்சியைத் தங்கள் மீனாட்சியாகக் கும்பிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஓவியரின் வீட்டு மொழி எது என்று விசாரிக்கவில்லை.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது பாராட்டு விழா அல்ல, வேலை. அச்சுக்குக் கொடுத்த மூல ஓவியங்கள் ஓவியரிடம் திரும்புவது அந்தத் தொழிலில் வழக்கமில்லை. அவை அச்சகத்தின் சொத்து. வேலை முடிந்ததும் மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட அட்டைகளுக்குக் கறையானும் ஈரமும் காத்திருக்கின்றன. சிவகாசியின் பழைய அச்சகங்களில் எஞ்சியிருக்கும் மூலங்களையும் கல்லச்சுப் பிரதிகளையும் ஆல்பங்களையும் லேபிள்களையும் அரசு அருங்காட்சியகத் துறை உரியவர்களிடம் கேட்டுப் பெற்று, ஆண்டும் பெயரும் குறித்துப் பட்டியலிட வேண்டும். மாணவர்களின் வாரிசுகளிடமும் கோவில்பட்டிப் புகைப்பட நிலையங்களிலும் இருக்கும் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின் எதிர்ச் சுவரில் கொண்டையராஜுவை மாட்டினால், நகல் என்ற பேச்சைப் பார்வையாளர்களே சோதித்துக்கொள்ளலாம். அவர் படித்த சென்னை ஓவியப் பள்ளியின் இன்றைய வடிவமான கவின்கலைக் கல்லூரி தன் பழைய மாணவர் ஒருவரின் பெயரைத் தன் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டிலேயே அதைத் தொடங்கலாம்.